முத்திரைக்குப் போட்ட மெத்தை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி கேட்டில் நிற்கும் காவலாளியிலிருந்து மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் சீலக்கா. ஸ்பேனர் கம்பெனியில் ஒவ்வொரு ஸ்பேனரின் கழுத்துக்குக் கீழேயும் 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்று முத்திரை பதிப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே வேலை. முதலில் காலால் மிதித்து அடிக்கிற பிரஸ் இருந்தது. பிறகு ஒளியால் எழுதுகிற மெஷின் வந்தது. மெஷின் மாறியதே தவிர அவள் கைப்பழக்கம் மாறவில்லை. ஸ்பேனரை எடுப்பாள், துணியால் துடைப்பாள், முத்திரை விழுந்ததும் விளக்கடியில் பிடித்து எழுத்துகளின் மேல் கட்டைவிரல் நகத்தை ஒரு தடவை ஓட்டுவாள். ஒவ்வொரு எழுத்திலும் நகம் இடற வேண்டும். ஒன்றில் வழுக்கினாலும் திரும்ப மெஷினுக்குள் போகும்.

"அக்கா நகத்துக்கே தனியா ஒரு சம்பளம் போடணும்" என்பாள் எதிர் மேசையில் பெட்டி மடிக்கிறவள். அவளுக்கு வாயாடி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பியே பார்ப்பாள்.

சீலக்காவுக்கு அந்த முத்திரைமேல் இருந்த பெருமை கம்பெனிக்குள் அடங்கவில்லை. பஸ் வழியில் பழுதாகி நின்றால் மற்ற பயணிகள் எல்லாம் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்க்க, இவள் இறங்கிப் போய் மெக்கானிக் கையில் இருப்பது எந்தக் கம்பெனி ஸ்பேனர் என்று எட்டிப் பார்ப்பாள். சொந்தத்தில் கல்யாணமோ புதுவீடோ என்றால் பன்னிரண்டு ஸ்பேனர் கொண்ட செட் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். "மிக்ஸி குடுத்தா ரெண்டு வருஷம். இது உங்க பேரப்பிள்ளைக வரைக்கும்" என்பாள். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரிடம் சைக்கிள்கூடக் கிடையாது. மூன்று செட் ஸ்பேனர் இருந்தது. "வீட்டையே கழட்டி மாட்டலாம் போல" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த செட்டை உண்மையிலேயே தேய்த்துப் பயன்படுத்தியவன் ஒருவன்தான். அவள் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சலுக்கு இரவெல்லாம் ஈரத்துணி மாற்றி, லாரிப் பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அவன் பட்டறையில் சேர்ந்த வாரமே, அவனுக்கென்று ஒரு செட்டை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே முத்திரை போட்டு எடுத்துவைத்தாள். நாலைந்து வருடம் போனது. அந்த செட்டில் இருந்த இருபத்து நாலாம் நம்பர் ஸ்பேனர்தான் ஒன்பது மாதத்துக்கு முன்னால், அவன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தபோது, இரண்டாக உடைந்தது. வேகமாக இழுத்த கை நேரே போய்த் தகட்டு விளிம்பில் அறைந்தது. உள்ளங்கை கிழிந்து நரம்பு அறுந்துவிட்டது. இப்போது வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது.

பட்டறை முதலாளி உடைந்த இரண்டு துண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, இது உங்கள் சாமான், பதில் சொல்லுங்கள் என்று கம்பெனிக்கு அனுப்பினார். மேனேஜர் சீலக்காவைக் கூப்பிட்டார்.

"இது நீங்க அடிச்ச சீல்தானே?"

"ஆமா சார். என் தம்பியோடது."

"நம்ம சாமான் சும்மா உடையுமா?"

"உடையாது சார்."

"அப்ப என்ன நடந்திருக்கும்?"

என்ன நடந்திருக்கும் என்று இரும்புப் பக்கம் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். நட்டு இறுகிப் போனால், பிடிக்குப் பலம் பற்றவில்லை என்று கைப்பிடியில் ஒரு நீளப் பைப்பைச் சொருகி இழுப்பார்கள். ஸ்பேனர் அதைத் தாங்காது. எந்தப் பட்டறையிலும் அதற்கு அனுமதி கிடையாது. அவசரக்காரர்கள் திருட்டுத்தனமாகச் செய்வார்கள். தம்பியும் கொஞ்சம் அவசரக்காரன்தான். 'முத்திரை இருக்கும் இடத்தில் உடைந்துள்ளது. பைப் சொருகி இழுத்ததே காரணம்' என்று டைப் அடித்த தாளில் அவள் கையெழுத்துப் போட்டாள். கண்ணில் தண்ணீரோடுதான் போட்டாள். ஆனாலும் போட்டாள்.

அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். கையில் கட்டோடு படுத்திருந்தவன் அக்காவிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

"நான் பைப் போடலக்கா."

"நான் அடிச்ச ஸ்பேனர்டா அது. எனக்குத் தெரியாதா?"

அன்றோடு அவன் அவளிடம் பேச்சை நிறுத்தினான். இப்போது ஒரு கடைத்தொகுதியின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வண்டிகளுக்கு இடது கையால் டோக்கன் கொடுக்கிறான். அவள் அந்த வழியாகப் போனால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

இனி மெத்தை விஷயம். ஆறு வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற பெரிய கொட்டகையை மூடிவிட்டார்கள். இரண்டாம் ஆலை ஒன்று திறந்திருக்கிறோம், அடிக்கிற வேலையெல்லாம் இனி அங்கேதான் என்றார்கள். அங்கிருந்து வடிவம் வந்த ஸ்பேனர்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். இங்கே முத்திரை போட்டு, பக்கத்துக் கொட்டகையில் முலாம் பூசி, பெட்டியில் அடைப்பார்கள். முன்பெல்லாம் கழுத்தடி கரடுமுரடாக இருக்கும், முத்திரை கோணும். இரண்டாம் ஆலையிலிருந்து வந்தவற்றிலோ கழுத்தடியில் விரல் அகலத்துக்கு மழமழவென்று ஒரு சமதளம் இருந்தது. முத்திரை உட்காருவதற்கென்றே யாரோ பார்த்துப் பார்த்துச் செய்த மாதிரி. சீலக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எனக்கு மெத்தை போட்டு அனுப்பறாங்கடி" என்று வாயாடியிடம் சொன்னாள். அதோடு நிற்காமல் திரும்பிப் போகிற காலிப் பெட்டி ஒன்றின் மூடியில் சாக்கட்டியால் எழுதினாள்: 'மெத்தை அருமை. நன்றி. சீல் பிரிவு.' அடுத்த வாரம் வந்த பெட்டியின் மூடியில் பதிலுக்குச் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருந்தது. மெத்தை என்ற பெயர் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பெட்டியில் இருந்து ஓர் இருபத்து நாலாம் நம்பரை எடுத்துத் துடைத்தவளுக்குக் கை நின்றுவிட்டது. அதில் மெத்தை இல்லை. மெத்தை இருக்க வேண்டிய இடத்தில், கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஒரு நாட்டின் பெயர் பதிந்திருந்தது. அங்கே செய்யப்பட்டது என்று.

முதலில் அவளுக்குத் தோன்றியது, ஐயோ பாவம், வேறு யாரோ கம்பெனிச் சரக்கு நம் பெட்டியில் கலந்துவிட்டது என்பதுதான். பழக்கதோஷத்தில் நகத்தை ஓட்டினாள். ஒவ்வொரு எழுத்திலும் இடறியது. கோணல் இல்லை, பிசிறு இல்லை. போட்ட கை நல்ல கை என்று நினைத்துக்கொண்டாள். மெஷினை நிறுத்திவிட்டு, ஸ்பேனரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஓ, ஒண்ணு தப்பிச்சு வந்துருச்சா? அங்க ரெண்டு நாளா ஒரு ஆள் லீவு. ஓரமா வைங்க, திருப்பி அனுப்பிடலாம்."

"தப்பிச்சுன்னா? சார், இது வேற யாரோ சரக்கு. முழுப் பெட்டியையும் நிறுத்திடட்டுமா? நம்ம சீல் அதுல விழுந்துட்டா பெரிய தப்பாயிடும்."

மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"காலங்காத்தால விளையாடறீங்களா?"

"இல்ல சார்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "அக்கா, முழுப் பெட்டியுமே இதுதான். ஆறு வருஷமா இதுதான். அங்க பேரை அரைச்சு எடுத்துட்டு அனுப்பறாங்க, இதுல விட்டுப்போச்சு. அவ்வளவுதான்."

"இரண்டாம் ஆலையில..."

"எந்த ஆலை? அது குடோன். நாலு அரவை மெஷின், ஆறு ஆளு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க. என்னக்கா இது, ஏதோ கொலை நடந்த மாதிரி. முலாம் நம்ம பூசறோம். பெட்டி நம்ம மடிக்கறோம். சீல் நீங்க போடறீங்க. அப்ப இங்க செஞ்சதுதானே?"

"முலாம் பூசினா ஊரே மாறிடுமா சார்?"

"இதெல்லாம் இப்ப ஏன் கேக்கறீங்க? ஆறு வருஷமா உங்க கையாலதானே போகுது. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதா. இதே வார்த்தையை, இதே மாதிரி, கட்டுப் போட்ட கைக்கு முன்னால் நின்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"தெரியாது சார்" என்றாள்.

"மெத்தைன்னு பேர் வெச்சதே நீங்க. பெட்டி மூடியில எழுதி அனுப்பினீங்க. அத படிச்சிட்டு அந்த ஆளுங்க வயிறு வலிக்கச் சிரிச்சாங்களாம். நீங்க கிண்டலா எழுதினீங்கன்னு இல்ல நாங்கல்லாம் நினைச்சோம்."

மேசைக்கு எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஸ்பேனரை மட்டும் அவர் மேசையில் வைக்காமல் கையோடு கொண்டுவந்திருந்தாள். வாயாடி பெட்டி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி வரீங்க?"

"ஏண்டி, இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்காமே. உனக்குத் தெரியுமா?"

வாயாடி எழுந்தே நின்றுவிட்டாள். அவள் வாயிலிருந்து பேச்சு வர அவ்வளவு நேரம் ஆனது அன்றைக்குத்தான். "அக்கா, சத்தியமா உங்களுக்குத் தெரியாதா?"

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"கேட்டுல நிக்கற அண்ணனுக்குக்கூடத் தெரியும்க்கா. நாங்க உங்களப் பத்திப் பேசிக்குவோம், எவ்வளவு அழுத்தம் பாரு இந்த அக்காவுக்குன்னு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எப்படி நகத்த ஓட்டி ஓட்டிப் பாக்குதுன்னு."

சீலக்கா உட்கார்ந்தாள். கை தன்பாட்டில் பெட்டிக்குள் போய் இன்னோர் இருபத்து நாலாம் நம்பரை எடுத்தது. இது மெத்தை போட்டது. பெயரோடு இருந்ததையும் பெயர் போனதையும் பக்கத்தில் பக்கத்தில் விளக்கடியில் வைத்தாள். ஆறு வருடமாக ஒன்றை மட்டுமே பார்த்தவளுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மெத்தை சமதளம் இல்லை, பள்ளம். எழுத்து ஆழமாக இருந்ததால் அதன் அடிவரை அரைத்திருந்தார்கள். கட்டைவிரலை வைத்தால் விரல் உள்ளே இறங்கியது. கழுத்து அந்த இடத்தில் இளைத்திருந்தது.

பள்ளத்தின் ஓரத்தில் ஈயின் இறக்கை அளவுக்கு ஒரு நீலம்.

அந்த நீலத்தை அவள் நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறாள். இரண்டாம் ஆலையில் ஏதோ புதுமுறையில் பதப்படுத்துகிறார்கள் என்று நினைத்து, அதன் அழகை வாயாடியிடம் காட்டிக்கூட இருக்கிறாள். பதினாறு வருடம் உலைக் கொட்டகைக்குப் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து வேலை செய்தவள் அவள். அரைக்கிறபோது சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட விட்டிருக்கும் என்று அடிக்கிறவர்கள் அந்தத் துண்டைத் தூரப் போடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். ஆலை என்று நம்பியதால் கண் பார்த்ததைப் புத்தி வாங்கிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்தப் பிளாஸ்டிக் உறை ஞாபகம் வந்தது. உள்ளே இருந்த இரண்டு துண்டுகள். உடைப்பு முத்திரையின் குறுக்கே ஓடி, 'உள்நாட்' ஒரு துண்டிலும் மிச்ச எழுத்து இன்னொரு துண்டிலுமாக இருந்தது. 'முத்திரை இருக்கும் இடத்தில் உடைந்துள்ளது' என்று அவளே கையெழுத்துப் போட்டாளே.

எங்கேயோ எவரோ அதை ஒழுங்காகத்தான் செய்து, செய்த இடத்தின் பெயரையும் ஒழுங்காகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பெயரை எடுத்த இடத்தில்தான் அது உடைந்திருக்கிறது. அந்த இடத்தின் மேல்தான் அவள் நகத்தை ஓட்டி, திருப்திப்பட்டு, தம்பி கையில் கொடுத்திருக்கிறாள்.

"அவன் பைப் போடலடி" என்றாள்.

"யாருக்கா?"

இரண்டு ஸ்பேனரையும் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். மெஷின் விளக்கு எரிந்தபடியே இருந்தது.

கேட்டில் போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது வழக்கம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் பையை ஒருவரும் திறந்ததில்லை. அன்றும் காவலாளி கையை அசைத்து அனுப்பினார். அவளே நின்று பையைத் திறந்து காட்டினாள்.

"ரெண்டு ஸ்பேனர் எடுத்துட்டுப் போறேன். நோட்டுல எழுதுங்கண்ணே."

"அட, நீங்க போங்கக்கா. நான் ஒண்ணும் பாக்கல."

"ஆறு வருஷமா அதைத்தானே செஞ்சீங்க? இன்னைக்காவது பாருங்க. பாத்து எழுதுங்க."

காவலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்து எழுதினார். அவள் படித்துப் பார்த்தாள். 'ஸ்பேனர் இரண்டு' என்று இருந்தது. "ஒண்ணுல வெளிநாட்டுப் பேர் இருக்கு, அதையும் எழுதுங்க" என்றாள். அதையும் எழுதினார்.

தம்பி வீட்டில் கதவைத் திறந்தது அவன் மனைவி. ஒன்பது மாதமாக வராதவள் வேலை நேரத்தில், வேர்த்து விறுவிறுத்து வாசலில் நிற்பதைப் பார்த்து அவள் மிரண்டு போனாள்.

"என்ன அண்ணி? யாருக்காவது ஏதாவது...?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. அவன் இருக்கானா?"

அவன் மாலை முறைக்குப் போவதற்காகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். பித்தானை இடது கையால் மாட்டத் தடுமாறிக்கொண்டிருந்தவன், அக்காவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். அவள் சாப்பாட்டு மேசையில் துணியைப் பிரித்து இரண்டு ஸ்பேனரையும் வைத்தாள். உட்காரச் சொல்லக் காத்திருக்கவில்லை.

"நீ பைப் போடல" என்றாள்.

அவன் திரும்பவில்லை. பித்தானில் இருந்த கை மட்டும் நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குடோன், அரவை மெஷின், பள்ளம், நீலம், எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியாதது. கோர்வையாக வரவில்லை, முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். அவன் மெதுவாக வந்து மேசையருகில் நின்றான். பெயர் இருந்த ஸ்பேனரை இடது கையால் எடுத்து எடை பார்த்தான். கழுத்தைத் தடவினான். அப்புறம் மற்றதைத் தடவினான். திரும்ப முதலாவதை.

"நல்ல சாமானா இருக்கே" என்றான். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"ஆமாடா."

"இது எந்த ஊர்ல செஞ்சா எனக்கென்னக்கா? நட்டு கழண்டா போதும். நான் கேட்டது அது இல்ல." குரல் உடைந்தது. "நான் பைப் போடலன்னு சொன்னேன். நீ அந்த எழுத்த நம்பின. என்ன நம்பல."

தம்பி மனைவி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, அங்கேயே நின்றாள். தண்ணீரைக் குடிக்காமலே சீலக்கா கேட்டாள்.

"அந்தக் கடுதாசி இருக்கா?"

தம்பி மனைவி அலமாரியிலிருந்து கம்பெனிக் கடிதத்தின் நகலை எடுத்துத் தந்தாள். சீலக்கா அதைத் திருப்பி, பின்பக்கத்தை மேசைமேல் நீவிவிட்டு, பேனா கேட்டாள்.

"என்ன பண்ணப் போற?" என்றான் தம்பி.

"எழுதப் போறேன். இது உங்க முதலாளிக்கு. இன்னொண்ணு எழுதி, புகார் வாங்கற ஆபீசுல குடுக்கறேன். இந்த ரெண்டையும் வெச்சு."

"வேலை போயிடும்."

"அங்க எனக்கு என்ன வேலைடா இருக்கு?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். அவள் தாளின் மேலே தேதியைப் போட்டாள். 'நான் இருபத்திரண்டு வருடமாக முத்திரைப் பிரிவில்' என்று தொடங்கினாள்.

"அக்கா."

"என்ன?"

"உன் சரித்திரம் அப்புறம் இருக்கட்டும். நான் பைப் போடலன்னு முதல்ல எழுது."

அவள் எழுதியதை அடித்தாள். கீழே புது வரியில், பெரிய எழுத்தாக, ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தி அதை எழுதினாள். அவன் மேசைக்குக் குறுக்கே குனிந்து தலைகீழாகவே வாசித்தான். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பி, மடங்காத கையின் கட்டைவிரல் நகத்தை அந்த வரியின் மேல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

"இப்ப கையெழுத்துப் போடு" என்றான்.